பிளாஸ்டர் ஒட்டிய டம்ளர்

தவமணி அக்கா இறந்த செய்தி எனக்கு இறப்புச் செய்தியாக வரவில்லை. செண்பகனூரில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் சுகாதார நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: ‘ஆய்வக நுட்புநர் பணியிடம் இன்று முதல் காலி.’ ஏன் என்று கேட்டேன். பதிலாக ஒருவர் கைகூப்பும் படத்தைப் போட்டார். அடுத்த செய்தி காய்ச்சல் முகாம் பட்டியலைக் கேட்டது.

மேல்மலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது.

நான் அங்கே ஒப்பந்த மருந்தாளுநர். அவர் எனக்குப் பல வருடம் முன்பே ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணுவது அவர் வேலை.

ஒருமுறை கவுஞ்சியிலிருந்து பதினாறு வயதுப் பெண் தொண்டை வலியோடு வந்தாள். டாக்டர் எழுதியபடி அமாக்ஸிசிலின் கொடுத்தேன். சில நாளில் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அவள் அப்பா வேப்பிலையோடு வந்து நின்று, “அம்மை வார்த்திருக்குங்க. அதுக்குப் போயி மாத்திரை குடுத்துட்டீங்களே” என்றார். நான் அலர்ஜி என்றேன். தவமணி அக்கா விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே தம்பி, அம்மையும் இல்ல, நீ சொல்றதும் இல்ல. இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். எச்சில்ல வரும். எதிர்ப்புச் சக்தி செய்ற வெள்ளணு இருக்குல்ல, பி செல்லு, அது மேல இருக்குற ஒரு புரதத்தப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிரும். கொல்லாது. உள்ள உக்காந்துக்கிட்டு அந்த அணுவப் பெருக வைக்கும். அதக் கொல்ல மத்த வெள்ளணு ஓடியாரும். இந்தா, பெருசா, ஓரம் விரிஞ்சு நிக்குதே, இதெல்லாம் ஓடியாந்த ஆளுங்க. இந்த நேரத்துல உன் மாத்திரை போனா இப்படித்தான் தடிச்சுக்கும்.”

“எல்லாத்தையும் கொன்னுருமாக்கா?”

“கொஞ்சம் தப்பிச்சு உள்ளயே சும்மா கெடக்கும், சாகுற வரைக்கும். எனக்குள்ள கெடக்கு. உனக்குள்ளயும் கெடக்கும். டாக்டரு மட்டும் என்ன, வானத்துல இருந்தா வந்தாரு?”

அதை அறிக்கையின் ஓரத்தில் எழுதினார். “எண்ணிக்கை மட்டும் எழுதுங்க. நோயைக் கண்டுபிடிக்க நான் இருக்கேன்” என்றார் டாக்டர். ஆனால் மாத்திரையை நிறுத்தினார். பெண் தேறிவிட்டாள்.

பிறகு தவமணி அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது. மாலையானால் காய்ச்சல். உடம்பு இளைத்தது. காசநோய் என்று சொல்லி மாத்திரையைத் தொடங்கினார்கள். தன் சளியைத் தானே சோதித்து, கிருமி இல்லை என்று காட்டினார். கட்டியை எடுத்துச் சோதிக்க மதுரைக்குப் போக வேண்டும் என்றார். “முகாம் முடியட்டும், நீங்க போனா லேபுக்கு யாரு?” என்றார்கள். ஒப்பந்தப் பணியாளர் அதற்கு மேல் வாதாட முடியாது. ஒரு முகாம் முடிந்தால் அடுத்தது வந்தது. எட்டு மாதம் போயிற்று.

மதுரை அறிக்கையில் நிணநீர்ப் புற்றுநோய் என்று இருந்தது. அந்த அணுக்களுக்குள் அதே வைரஸும் இருந்தது. தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ளும் வகை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர், ஏதோ அபூர்வக் கிருமி அவரைக் கொண்டுபோய்விட்டது என்று பேசினார். அந்தக் கிருமி அநேகமாக நம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த எட்டு மாதம் அவருக்கு மட்டும்தான் கிடைத்தது.

சிகிச்சைக்குத் தேதி வரும்வரை அவர் வேலைக்கு வந்தார். விடுப்பு விண்ணப்பத்தோடு வைத்த அறிக்கையை யாரோ படித்து, கைபேசியில் தேடியிருக்கிறார்கள். ஹெர்பிஸ் என்ற பெயரைப் பார்த்ததும், பாலுறவால் வரும் நோய் என்று எண்ணி, அவர் நடத்தையைப் பற்றி முணுமுணுப்பு. எச்சிலில் பரவும் என்றதும் ஒரு வேலை நடந்தது. மறுநாள் தேநீர் வந்தபோது, டம்ளர்களில் ஒன்றின் அடியில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் துண்டு இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க தவமணி, இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல்தான்” என்றார் நர்ஸ்.

“எங்கப்பாவுக்கு டீக்கடையில தனி டம்ளர் குடுத்தப்ப யாரும் காரணம் சொன்னதில்லங்க சிஸ்டர். நீங்க சொல்றீங்க. படிச்சவங்கல்ல” என்று சொல்லிவிட்டு, அதிலேயே ஊற்றிக் குடித்தார்.

ஆறு பேர் இருந்தோம். பி செல் என்றால் என்ன என்று அறிந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஏற்கெனவே எல்லோருக்குள்ளும் கிடக்கும் வைரஸை ஒரு தனி டம்ளர் தடுக்கப்போவதில்லை என்பதும் தெரியும். நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குப் போய்விட்டேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருந்தது.

கடைசியாக மதுரை வார்டில் பார்த்தேன். தலையில் முடி இல்லை. குரல் அப்படியே இருந்தது. “மைக்ராஸ்கோப்ப மூடி வச்சிருக்கீங்களா? ஈரத்துல லென்ஸு பூஞ்சை புடிச்சிரும்” என்றார். நான் சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டுச் சொன்னேன். “அன்னைக்கு நான் பேசியிருக்கணும்க்கா.”

போகட்டும் விடு என்பார் என்று நினைத்தேன். “ஆமா” என்றார்.

“பேசியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“உன் டம்ளருலயும் பிளாஸ்டர் ஒட்டியிருப்பாங்க.” சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னார்: “ரெண்டு பேரா உக்காந்து குடிச்சிருப்போம்ல.”

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் பார்த்தவரை அவர் பொறுமைசாலி அல்ல. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ‘ஆமா’ ஒன்றைத்தான். சாகக் கிடந்தபோதும் என்னைத் தேற்றுவதற்காக அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக நானும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.