சிவப்பு வண்டியும் வெள்ளை வண்டியும்

தீவில் கார் மெக்கானிக்காக இருப்பவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக்காற்று, இன்னொன்று கப்பல் ஷெட்யூல். முதலாவது இருக்கிற சாமானைத் தின்றுவிடும், இரண்டாவது புதுச் சாமானை வரவிடாது. நகத்துக்குள் கிரீஸோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர் பார்க்கிறாரே என்று விரலை மடக்கி மடக்கிச் சாப்பிட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நான் சொல்வதை நம்பினால் போதும்.

போர்ட் பிளேர் லம்பா லைனில் இருபத்திரண்டு வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன். இங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்பார்கள். ஜீப்பும் டாக்சியுமாக எத்தனையோ வந்து போயிருக்கின்றன. ஆனால் படுத்தால் ஞாபகத்துக்கு வருவது இரண்டு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான். இரண்டும் ஒரே குடும்பத்து வண்டிகள்.

ரெண்டே சீட்டு

கதிரேசன் அண்ணன் கட்டடக் கான்ட்ராக்டர். சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர், தீவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. ஒரே பையன் படித்து முடித்து ஹைதராபாத்தில் வேலைக்குப் போனதும், அண்ணன் யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூரில் ஒரு கார் பிரியரிடம் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். சிவப்பு நிறம், துணிக் கூரை. சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் பானட்டுக்குள்ளிருந்து எழும்பி முழித்துப் பார்க்கும். இன்ஜின் என்னவோ சின்னதுதான்.

இறக்குகிற அன்று துறைமுகத்துக்கு, ஹாடோ ஜெட்டிக்கு, என்னையும் கூட்டிப் போனார். அவர் மனைவி சௌந்தரம் அண்ணி வரவில்லை. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற மாதிரி ஒரு வண்டி கேட்டிருந்தார்களாம். வந்தது பொம்மை என்று கோபம். கிரேன் வண்டியைத் தூக்கி இறக்கும் வரை அண்ணன் மூச்சு விடாமல் நின்றார். தரையைத் தொட்டதும் நான் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். மூலையில் துரு ஆரம்பித்திருந்தது. "அண்ணே, இந்தக் காத்துக்கு இது தாங்காது" என்றேன். அவர் கேட்டுக்கொண்டார், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஜெட்டித் தொழிலாளி ஒருவர், வங்காளி, எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து என்னிடம் கேட்டார்: "மிஸ்திரிஜி, ரெண்டே சீட்டு. பாக்கி குடும்பம் என்ன, கப்பல்லயே திரும்பிப் போகணுமா?"

நூறு தொட எத்தனை செகண்ட்

அடுத்த வருஷம் அண்ணியின் தம்பி மனோகர் ஒரு வண்டி கொண்டுவந்தார். படகு இன்ஜின் வியாபாரம் செய்பவர். கதிரேசன் அண்ணனிடம் எதற்கும் போட்டிதான். இதுவும் ஜப்பான், வெள்ளை நிறம். டர்போ வைத்த இன்ஜின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். சிவப்பின் பலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே இருக்கும்.

எது ஒசத்தி என்று வீட்டில் பேச்சு முற்றி, தீர்ப்புச் சொல்ல என்னை இழுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வண்டூர் போகிற ரோட்டில் ஆள் இல்லாத ஒரு நீட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். வெள்ளையை மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. டேஷ்போர்டில் வைத்திருந்த போன் என் மடியில் வந்து விழுந்தது. நூறைத் தொட்டுவிட்டது என்று முள் சொல்லித்தான் தெரியும். அதற்குள் பிரேக் போட வேண்டிய வளைவு வந்துவிட்டது. சிவப்பு அதே தூரத்துக்கு அலறிக்கொண்டு போனது. பெட்ரோல் வாசம் அடித்தது, கூரைத் துணி படபடத்தது, ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. நூறைத் தொடவேயில்லை. திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன்: வேகம், பிரேக், பிடிமானம் எதிலும் வெள்ளைதான். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது யாரும் கேட்காமலே நான் கை நீட்டியது சிவப்பின் சாவிக்கு. இதை மனோகர் கவனித்துவிட்டார், முகம் சுருங்கிவிட்டது.

"மச்சான், கணக்கு வந்துடுச்சுல்ல. பேசாம அதை வித்துடுங்க" என்றார். கதிரேசன் அண்ணன் சிவப்பின் பானட் மேல் கை வைத்தபடி சொன்னார்: "மாப்ளே, உன் வண்டி என்னை அந்தக் கோடியில கொண்டுபோய் இறக்கிவிட்டுடுது. என்னுது அங்க போற வரைக்கும் பேசிக்கிட்டே வருது."

இடது கை

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் அண்ணன் ஷெட்டுக்கு வந்து, கியர் இறுக்கமாக இருக்கிறது, சரியாக விழ மாட்டேன் என்கிறது என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெயாக விழுந்தது. அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கியர் குமிழின் மேல் அவர் இடது கை இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன. குமிழ் கைக்குள் நிற்கவில்லை. நான் கையைப் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்த்தார். "கியர்ல ஒண்ணுமில்லண்ணே" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தொழிலில் எதையும் கழற்றிப் பார்த்துத்தான் பழக்கம்.

சென்னைக்குப் போய் வந்தார்கள். நடுக்குவாதம், குறையாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனோகரைப் போட்டிக்காரர் என்றேன். நல்ல மனசுக்காரர் என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாளே வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி, "இதுல கியரே போட வேண்டாம் மச்சான், நீங்க வச்சுக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் எட்டு நாள் ஓட்டினார். ஒன்பதாம் நாள் கழுவித் துடைத்து, டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, மனோகரிடம் சேர்த்துவிடச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். வண்டியில் ஏதாவது குறையா என்று கேட்டேன். "குறையே இல்ல மிஸ்திரி. எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது. நான் எதுக்கு உள்ள உக்காந்திருக்கேன்னுதான் எனக்குப் புரியல."

மூணாவது கியர்

அதன் பிறகு சிவப்பு மறுபடி வந்தது. இந்த முறை நிஜமாகவே கோளாறு. மூன்றாவது கியரில் கரகரவென்று அரைக்கிற சத்தம். கியர்பாக்ஸை இறக்கித் திறந்தால், மூன்றாவது கியரின் வளையத்தில் பல்லெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. மற்ற கியர்கள் நன்றாக இருந்தன. கை ஆடுகிற ஆள் போட்டால் எல்லாம்தானே கெடும்? "எப்படிண்ணே ஓட்டுறீங்க?" என்றேன். அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

ஷெட் வாசலில் நின்றிருந்த சௌந்தரம் அண்ணி உள்ளே வந்தார்கள். அந்த வண்டி வந்து நாலு வருஷத்தில் என் ஷெட்டுக்குள் அவர்கள் கால் வைத்தது அன்றுதான். "நான்தான் தம்பி" என்றார்கள். சாயங்காலம் மின்னி பே கடலோர ரோட்டில் இருவரும் போகிறார்களாம். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை மிதித்து நம்பரைச் சொல்வார். இடது பக்க சீட்டிலிருந்து அண்ணி வலது கையால் கியரைப் போடுவார்கள். ஸ்கூட்டர்கூட ஓட்டிப் பழகாதவர்கள்.

வளையம் வர ஆறு வாரம் ஆயிற்று. மாட்டி முடித்ததும், நின்ற வண்டியிலேயே அண்ணியை உட்கார வைத்து, ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் ஒரு மூச்சு நிறுத்தித் தள்ளுங்கள் என்று காட்டினேன். நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் கேட்டேன், மூன்றாவது மட்டும் தேய்ந்திருக்கிறதே, ஏன் எப்போதும் மூன்றையே போடுகிறீர்கள், நாலாவது போட்டால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று. அண்ணன் பெட்ரோல் மூடியைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "அவர் நாலுன்னுதான் சொல்வார் தம்பி. நாலு போட்டா வேகம் வந்துடும். வேகமாப் போனா சீக்கிரம் வீடு வந்துடுது."

கப்பலில் வராத சாமான்

இடது கையோடு நின்றுவிடாமல் வியாதி இடது காலுக்கும் வந்தது. ஒரு சாயங்காலம் மின்னி பேயில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது, கிளட்சில் இருந்த கால் சொன்னபடி கேட்காமல் சட்டென்று விட்டுவிட்டது. வண்டி துள்ளிப் போய் கடலோரக் கைப்பிடிச் சுவரில் முட்டியது. அண்ணிக்கு நெற்றியில் இரண்டு தையல். சுவர் இல்லையென்றால் கீழே பாறை.

மறுநாள் ஹைதராபாத்திலிருந்து பையன் போன் செய்தான். "அங்கிள், நான் சொன்னா அப்பா சண்டைக்கு வர்றார். வண்டி இனிமே ஓடாதுன்னு நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவார்." பம்பரை நேராக்க எனக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. மூன்றாம் நாள், கிளட்சை வேலை செய்ய வைக்கிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அண்ணனிடம் அது உடைந்துவிட்டது, மேன்லேண்டிலிருந்து வர வேண்டும் என்றேன். இந்த ஊரில் எந்தப் பொய்யையும்விடச் சுலபமாக எடுபடும் பொய் இது. இருபது வருஷமாக உண்மையாகவே சொல்லிவந்த வாக்கியம் என்பதால் முகம்கூட மாற வேண்டியிருக்கவில்லை.

கப்பல் வந்தது என்று தெரிந்தால் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிடுவார். "வந்துச்சா மிஸ்திரி?" "இல்லண்ணே, அடுத்ததுல பாப்போம்." டீ வரவழைப்பேன். கோப்பையைப் பாதிதான் நிரப்பித் தருவேன், தளும்பாமல் இருக்க. இப்படி மூன்று கப்பல் போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் ஆட்டோவில் ஏறி உட்காருவதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

நாலாவது முறை வந்தபோது நான் டீ சொல்ல வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால், அண்ணன் அலமாரிக்கு முன் நின்றிருந்தார். பிளாஸ்டிக் பை பிரிந்திருந்தது. அந்தச் சிலிண்டரில் நான் முன்பு அடையாளத்துக்கு அடித்த மஞ்சள் பெயின்ட் கோடு இருந்தது. அவருடைய வண்டிச் சாமான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் மெதுவாகத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபம் இல்லை. அண்ணி ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த கப்பல்லயும் வரலேன்னே சொல்லுங்க மிஸ்திரி. வந்துடுச்சுன்னா நான் ஓட்டணும். அவளை வச்சுக்கிட்டு ஓட்ட எனக்கு இப்பப் பயமா இருக்கு."

இன்ஜின் வேண்டாம்

சொன்னபடியே சொன்னேன். ஆறேழு கப்பல் வந்து போயிருக்கும். போன மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து, கதிரேசன் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு மனோகர் இரண்டு வண்டியையும் விற்கச் சொன்னார். போட்டி போட ஆள் இல்லாமல் அவருக்கு வெள்ளையும் கசந்துவிட்டது. வெள்ளை ஒரே நாளில் போயிற்று. ஜங்கிளிகாட்டுப் படகு முதலாளி ஒருவர் இன்ஜின் பவரையும் செகண்ட் கணக்கையும் கேட்டார், தலையாட்டினார், எடுத்துக்கொண்டார். உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்புக்குச் சொல்ல என்னிடம் நல்ல கணக்கு எதுவும் இல்லை. லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் அடித்தகட்டில் இரண்டு இடத்தில் விரல் உள்ளே போயிற்று. அப்படியே ரோட்டுக்கு விட்டால் பாவம்.

கடைசியில் வண்டூரில் ரிசார்ட் நடத்துபவர் ஒருவர் வந்தார். இன்ஜினைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டைக் கொடுங்கள், புல்தரையில் நிறுத்தி உள்ளே பூச்செடி வைத்தால் விருந்தாளிகள் போட்டோ எடுப்பார்கள் என்றார். எனக்குச் சபலம்தான். முகமாவது மிஞ்சுமே என்று நினைத்தேன். அண்ணியிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாதென்று போன் செய்தேன். அன்று மத்தியானமே வந்தார்கள். வண்டியை ஒரு சுற்று வந்தார்கள். இடது பக்கக் கதவைத் திறந்து, உட்காராமலே மூடினார்கள். நெற்றித் தழும்பில் வேர்வை நின்றது.

"அழகைப் பாத்துத்தான் வாங்கினார், இல்லேங்கல" என்றார்கள். "ஆனா ஓடாம நின்ன நாள்லேர்ந்து ஒரு தரம்கூட அவர் இதைத் தொட்டுப் பாக்கல தம்பி. பூந்தொட்டியா நிக்கறதுக்கு இது வேண்டாம். உடைச்சுடுங்க."

பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாமல் இரண்டு நாள் உட்கார்ந்து நானே வெட்டினேன். எது நல்ல வண்டி என்று இன்றைக்கும் வந்து கேட்கிறவர்களிடம், எதை உடைத்த அன்று சோறு இறங்கவில்லையோ அதுதான் என்று சொன்னால் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பதால், நானும் செகண்ட் கணக்கையே சொல்லிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.