இருபது வீட்டுச் சீட்டுகள்

அம்மா இறந்த ஐந்தாவது மாதம் கருத்துக்கணிப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவள், அம்மா போனபிறகு கோச்சடை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தவித்தேன். சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது என்று என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி சொன்னாள். போனேன்.

எங்கள் சூப்பர்வைசர் கோயம்புத்தூர்க்காரர். பத்துத் தேர்தல் பார்த்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். தெருவுக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கமாகவே போக வேண்டும். நான்கு வீட்டை விட்டு ஐந்தாவது வீட்டில் கதவைத் தட்ட வேண்டும். அந்த வீட்டில் ஓட்டுரிமை உள்ளவர்களின் வயதைப் பதிந்தால், அவர்களில் யாரிடம் பேச வேண்டும் என்று கையில் இருக்கும் டேப்லெட்டே சொல்லும். அது கைகாட்டுகிற ஆளிடம் மட்டும்தான் பேச வேண்டும். கடைசிக் கேள்வியான ‘யாருக்கு ஓட்டு’ என்பதை வாயால் கேட்கக் கூடாது. எல்லாக் கட்சிகளின் சின்னமும் அச்சடித்த ஒரு சீட்டைக் கொடுத்து, குறி போட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறக்கும் உரிமை சூப்பர்வைசருக்கு மட்டும்.

அந்தச் சீட்டின் கடைசி வரிசையில் ஒரு புதுக்கட்சியின் சின்னம் இருந்தது. அதற்குப் பெரிய முகம் எதுவும் கிடையாது. சோழவந்தான் தொகுதியில் அதன் வேட்பாளர் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்த பெண். ஒரே ஒரு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சுற்றினார்கள். முதல் வாரம் சோழவந்தான் டவுனில் நான் பேசிய அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். “நல்ல புள்ளையாத்தான் தெரியுது டீச்சர். ஆனா தேறாது” என்றார் பாத்திரக்கடைக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் எனக்குச் சோழவந்தானைச் சுற்றியுள்ள ஊர்ப்பக்கம் ஒதுக்கினார்கள். கோச்சடையில் பஸ் ஏறி, வைகையை ஒட்டியே போய் இறங்கி, ஆட்டோ பிடித்து ஒரு சின்ன ஊருக்குப் போனேன். ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால். நான் எடுக்க வேண்டியது இருபது வீடு. முதல் வீட்டு வாசலிலேயே கொடிக்கம்பம் நின்றது. பெரிய கட்சி ஒன்றின் கிளைச் செயலாளர் வீடு. அவருக்கு அறுபது வயது இருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த ஊர் ஒரே கட்சி ஊர் என்று பெருமையாகச் சொன்னார்.

“எதுக்கு டீச்சர் வீடு வீடா அலையிறீக? இம்புட்டு வெயில்ல. நான் சொல்றேன், எழுதிக்கங்க. இருவது வீடும் நம்ம கட்சிதான்.”

“அப்படி எழுத முடியாதுண்ணே. மிஷின் யாரச் சொல்லுதோ அவங்ககிட்டதான் கேக்கணும்.”

வயதுகளைப் பதிந்தேன். டேப்லெட் அவருடைய மனைவியைக் காட்டியது. செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவளுக்கு என்ன தெரியும்? கேளுங்க, கேளுங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தனியாகப் பேச வேண்டும் என்று நான் இரண்டு முறை சொன்னபிறகுதான் எழுந்து வெளியே போனார்.

அந்தம்மா வெற்றிலை கிள்ளிக் கறுத்த விரல்களோடு என் எதிரே உட்கார்ந்தார். இங்கே யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டதற்குக் கணவருடைய கட்சியைச் சொன்னார். ஊரில் என்ன குறை என்று கேட்டதற்கு யோசித்து, “ஆஸ்பத்திரி தூரம்” என்றார். அப்புறம் சீட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே அவ்வளவு நேரம் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது சீட்டு நாலாக மடிந்திருந்தது. பெட்டியில் போட்டுவிட்டு, வெளியே ஒரு முறை பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

“டீச்சர், இந்த ஊர்ல நான் மட்டுந்தானா?”

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. “நீங்கதான்க்கா மொத வீடு. இனிமேதான் மத்த வீட்டுக்குப் போறேன்” என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மீதிப் பத்தொன்பது வீட்டையும் இரண்டு நாளில் முடித்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் ஒன்றுதான். இங்கே யார் ஜெயிப்பார்கள்? பெரிய கட்சிதான். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டு மட்டும் மடித்து மடித்து உள்ளே விழுந்தது.

மாலை ஐந்து மணி வாக்கில் பழங்காநத்தம் மாடியில் சூப்பர்வைசர் என் பெட்டியைத் திறந்தார். சீட்டுகளைப் பிரித்துச் சின்னம் சின்னமாக அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது. கடைசி வரிசைச் சின்னத்தின் அடுக்குதான் உயரமாக இருந்தது. பாதிக்கும் மேலே.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் நீங்களே ஒரு எடத்துல உக்காந்து போட்டதுங்களா?”

காப்பியடித்த பிள்ளைகளைப் பத்தொன்பது வருஷம் பிடித்தவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. “நாளைக்கு நீங்களே கூட வாங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். அதே இருபது வீடு, அதே ஆட்கள், மற்றக் கேள்விகள் இல்லாமல் சீட்டு மட்டும். இந்த முறை அவரே பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் வாசலோடு நின்றுகொண்டேன். கிளைச் செயலாளர் இருவருக்கும் மோர் கொடுத்தார். “மறுபடியுமா? எத்தன தடவ கேட்டாலும் பதில் ஒண்ணுதான சார்” என்றார்.

அன்றைக்கு மண்டபத்து மாடிவரை போகக்கூட சூப்பர்வைசருக்குப் பொறுமை இல்லை. சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் கடைசி மேஜையில் உட்கார்ந்து, சாம்பார் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். முதல் முறை வந்ததுபோலவே வந்தது. ஒரு சீட்டுகூட மாறவில்லை.

அவர் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கிறது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒரே கொட்டகையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்குகிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொல்லவில்லை. ‘நான் மட்டுந்தானா’ என்ற கேள்வி அவர்கள் ஒவ்வொருவருக்குள்ளும் இருந்திருக்கிறது. அது தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டே பேர். நிகழ்தகவுப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன். பகடையும் சீட்டுக்கட்டும் தாண்டி அதற்கு உயிர் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“மேடம், மன்னிச்சுக்கோங்க” என்றார் சூப்பர்வைசர். பிறகு இட்லி சொன்னார்.

டிவியில் கணிப்பு வந்த அன்று அவர் போன் செய்தார். அந்தக் கட்சியை ‘மற்றவை’ என்ற கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். “சென்னையில கொறைச்சுட்டாங்க மேடம். இந்த மாதிரி நாலஞ்சு ஊர்ல இருந்து வந்திருக்கு. பீல்டுல ஏதோ தப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.” எனக்குக் கோபம் வரவில்லை. நானே நேரில் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

வாக்கு எண்ணிய நாள் காலையிலிருந்து டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் புதுக்கட்சிப் பெண் ஜெயிக்கவில்லை. ஆனால் கடைசிச் சுற்று வரை அவர் பின்தங்குவதும் முந்துவதுமாக ஓட, டிவியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்துப் பழகினார்கள். மிகச் சொற்ப வித்தியாசத்தில் இரண்டாவது இடம். சில நாள் கழித்துச் சாவடி வாரியான கணக்கு வெளிவந்தபோது அந்த ஊரின் வரிசையைத் தேடிப் பார்த்தேன். அங்கே அவர்தான் முதல். என் இருபது சீட்டு சொன்ன விகிதம், ஊர் முழுவதும் போட்ட ஓட்டில் அப்படியே இருந்தது. அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

தேர்தலுக்குப் பிந்தைய கணிப்புக்கு கம்பெனி மறுபடியும் என்னை அதே ஊருக்கு அனுப்பியது. கிளைச் செயலாளர் வீட்டுக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலையை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவியும் இருந்தார். செயலாளர் இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“டீச்சர், உங்களுக்குத் தெரியும்ல? எங்க ஊர்ல யாரு யாரு மாத்திப் போட்டாகன்னு. அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் ஒண்ணும் சண்டைக்குப் போகல. தெரிஞ்சுக்கணும், அம்புட்டுத்தான்.”

“தெரியாதுண்ணே. எல்லாச் சீட்டும் ஒண்ணாக் கலந்துதான விழுகுது.”

“ஒராளுகூடவா தெரியாது?”

கொட்டகையில் ஒரு கைகூட நிற்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இலை மேல் இலை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய மனைவிதான் தலை நிமிராமலே பேசினார். “அவுகளப் போட்டு ஏன் கொடையிறீக? வெயில்ல வந்துருக்காக. தண்ணி குடுங்க மொதல்ல.”

செயலாளர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வயதுகளைப் பதிந்தேன். இந்த முறை டேப்லெட் அவரையே காட்டியது. என்னையும் அறியாமல் கொஞ்சம் தயங்கினேன்; பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். கடைசியில், ஓட்டு யாருக்குப் போட்டீர்கள் என்பதற்கான சீட்டை நீட்டினேன். எப்போதும் வாயால் உரக்கச் சொல்கிறவர், அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு கொட்டகையின் மறுகோடிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையால் மறைத்துக்கொண்டு குறி போட்டார். நன்றாக மடித்துக் கொண்டுவந்து பெட்டியில் போட்டார்.

“வாரேன்ணே” என்றேன். “சரி டீச்சர்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மாலையில் பெட்டியைச் சூப்பர்வைசரிடம் ஒப்படைத்தேன். “இருங்க மேடம், பிரிச்சிரலாம்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் திறப்பதற்கு முன்பே படியிறங்கி வந்துவிட்டேன்.