ஏழு பேருக்கு ஒரே ஆணி

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில்கூட இருந்தது. ஆனால் சலவைக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஒருவருக்கும் தெரியாது. "ஏன் அக்கா எங்கே?" என்று கேட்டால்தான் மூன்றாம் மாடிக்குக் கை காட்டுவார்கள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த மூச்சு விடுவாள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இது ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். உன்னைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை என்று ஒருவன் வந்து நின்றபோதும் அதையேதான் கேட்டாள். பதில் யோசிக்க அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. அவன்தான் இப்போது அவள் புருஷன், பஸ் ஓட்டுகிறான். வாயைத் திறக்காமல் ஏறி உட்காரும் பயணிகளைப் பார்த்தால் அண்ணனுக்குக் கண் கலங்கிவிடுகிறது என்று அவன் தங்கை சொல்வாள்.

வெயில் காலம் வந்தால் ஏன் அக்காவுக்குக் கொண்டாட்டம். வெயில் பிடிக்கும் என்பதல்ல. வெயிலைப் பற்றி ஊர் அவிழ்த்துவிடும் புளுகுகளை எல்லாம் சோதித்துப் பார்க்கலாமே. உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று பக்கத்து வீட்டுக்காரி செம்பு வளையம் விற்றாள். ஏன் அக்கா ஒரு வாரம் மாட்டிப் பார்த்தாள். மணிக்கட்டு பச்சையானதுதான் மிச்சம். அந்தப் பச்சைக் கையைத் தெருவில் வருவோர் போவோருக்கெல்லாம் நீட்டிக் காட்டியதில் வளைய வியாபாரம் படுத்துவிட்டது. சூடான டீ குடித்தால் உடம்பு குளிரும் என்றார்கள். அதையும் பார்த்தாள். குடித்ததும் வேர்க்கிறது, காற்று வந்து வேர்வை காய்ந்தால் குளிர்கிறது, காற்று வராவிட்டால் சும்மா வேர்க்கிறது. பாதி உண்மை என்று தீர்ப்புச் சொன்னாள்.

அவள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே, இரண்டே அறை. காலை ஏழு மணிக்கே ஜன்னலை எல்லாம் இழுத்துச் சாத்துவாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் திறப்பாள். வெள்ளைத் துணியை ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகக் கட்டியிருந்தாள். திரையை எல்லாரும் உள்ளேதானே போடுவார்கள் என்று புருஷன் கேட்டான். உள்ளே போட்டால் வெயில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்துவது மாதிரி என்றாள். அவன் குகைக்குள் குடித்தனம் நடத்துவதாக டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தான். ஆனால் வார விடுமுறையில் அந்தக் குகையை விட்டு அவனை நகர்த்த முடியாது.

வீட்டில் இத்தனை கெட்டிக்காரி, வேலை செய்யும் இடத்தில் வெந்துகொண்டிருந்தாள்.

சலவைக்கூடத்தின் மூன்றாம் மாடிதான் தேய்க்கும் அறை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த படுக்கை விரிப்புகளை ஏழு பெண்கள் ஏழு மேசைகளில் நின்று தேய்ப்பார்கள். தலைக்கு மேலே கான்கிரீட் கூரை, எதிரே ஏழு இஸ்திரிப் பெட்டிகள், மூலையில் ஒரு மின்விசிறி. வெயில் எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்பவர்களை ஏன் அக்கா அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்வாள். வெயில் பொதுவானதே இல்லை. அது ஆள் பார்த்துத்தான் அடிக்கிறது. கூலி குறையக் குறைய உறைக்கிறது. முதல் மாடியில் மேனேஜர் அறையில் ஏ.சி. ஓடியது. அவர் மேசையில் இருந்த காகிதங்கள் பறக்காமலிருக்கக் கல் வைத்திருந்தார். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் குளுகுளு.

மேலே இருந்த பெண்களுக்கு ஆளுக்கொரு உபாயம். காற்று எதிர் ஜன்னல் வழியாக வெளியேறும்படி மின்விசிறியைத் திருப்பி வைத்தது ஏன் அக்காதான். காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு தேய்க்கப் பார்த்த, பக்கத்து மேசையில் வேலை செய்யும் நாத்தனாரின் வாளியைப் பிடுங்கி எறிந்ததும் அவள்தான். கையில் கரண்ட், காலில் தண்ணீர், உங்க அண்ணனுக்கு யார் பதில் சொல்றது என்று திட்டினாள். அவளுடைய சொந்த உபாயம் ஒரு துண்டு. நனைத்துப் பிழிந்து சுவரில் மாட்டி வைப்பாள். அரைமணிக்கொரு தரம் எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். சூடானதும் மறுபடி நனைத்து மாட்டுவாள். விசிறிக் காற்று படும் இடமாகப் பார்த்து மாட்டினால் துண்டு சில்லென்று இருக்கும். அறையில் இருந்ததே ஒரே ஒரு ஆணி. அதுவும் காற்று படும் இடத்தில்தான் இருந்தது. அதைத் தனக்கென்று பிடித்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஆணி அவளுக்காக அடிக்கப்பட்டதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் இவர்கள் சண்டை போட்டு ஒரு விதியை வாங்கியிருந்தார்கள்: அறையின் சூடு முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை பெட்டிகளை அணைத்துவிடலாம், கூலி வெட்டு கிடையாது. சூட்டை அளக்க ஒரு தெர்மாமீட்டர் வந்தது. அதை மாட்டத்தான் ஆணி. குளுகுளு தினமும் பதினோரு மணிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார், ஆணியில் தொங்கும் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், இறங்கிவிடுவார். இரண்டு கோடையிலும் அது ஒரு நாள்கூட முப்பதைத் தொட்டதில்லை. தொடாத விதியை என்ன செய்வது என்று எல்லாரும் அதை மறந்தே போனார்கள்.

மறக்க முடியாதபடி ஒரு நாள் மத்தியானம் நாத்தனார் மயங்கி விழுந்தாள். நல்ல வேளை, தேய்க்காத விரிப்புக் குவியல் மேல் விழுந்தாள். கண் திறந்ததும், "இதையும் மறுபடி துவைக்கணுமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை உச்சி வெயில் நேரத்தில் அந்த அறையில் நின்றால் எழுந்திருப்பதற்கு உத்தரவாதம் இல்லை, வேலையை விட்டுவிடு என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த நாள் பஸ்ஸில் பேசாமல் வந்தாள். வேலையை விட்டால் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக் குகைக்குள் வந்து ஒண்டவேண்டும். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பது தெரியும். அதுதான் அவளை அரித்தது.

நாத்தனார் பேசாமல் இருந்து ஏன் அக்கா பார்த்ததே இல்லை. அன்றைக்கே முதல் மாடிக்கு இறங்கிப் போய்க் குளுகுளுவின் கதவைத் தட்டினாள். அந்தத் தெர்மாமீட்டர் பழுது, பொம்பளைங்க மயங்கி விழுற அறையில அது எப்படி இருபத்தெட்டு காட்டும் என்று பிடித்துக்கொண்டாள். அவர் நிதானமாக நோட்டை நீட்டினார். இரண்டு வருஷம், ஒரே மாதிரி எண்கள். "நான் சொல்லலம்மா, கருவி சொல்லுது. நீதான் எதுக்கும் ஆதாரம் கேக்குற ஆளாச்சே," என்றார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆதாரத்தோடு வா என்று ஊருக்கே சொன்னவளிடம் ஒருவன் ஆதாரத்தை நீட்டுகிறான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவர் புதுத் தெர்மாமீட்டரோடு மேலே வருவார், எல்லார் முன்னாலும் பார்ப்பார். தாண்டினால் விதி விதிதான். தாண்டாவிட்டால் இனி அந்தப் பேச்சே கூடாது.

மறுநாள் பதினோரு மணிக்கே அவர் புதுக் கருவியை ஓர் ஆள் மூலம் அனுப்பி, பழையதைக் கழற்றிவிட்டு ஆணியில் மாட்டச் சொன்னார். சூடு பிடிக்க நேரம் வேண்டுமாம். ஏன் அக்கா மேசையில் நின்றபடி மனதுக்குள் பிரசங்கம் தயார் செய்துகொண்டிருந்தாள். கூரை, கூலி, நியாயம் என்று அடுக்கினாள். நடுவில் கழுத்துத் துண்டு சூடாகிவிட்டது. நனைத்தாள், பிழிந்தாள், இரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் ஆணியில் மாட்டியது. பிரசங்கம் தொடர்ந்தது.

பன்னிரண்டுக்குக் குளுகுளு வந்தார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார், துண்டைத் தூக்கினார். "இருபத்தேழு," என்றார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். சிவப்புக் கோடு இருபத்தேழில்தான் நின்றது. "குளிருதுன்னு சொல்லியிருந்தா ஆளுக்கொரு போர்வை ஏற்பாடு பண்ணியிருப்பேனே," என்றார். ஏன் அக்கா அடுக்கிவைத்த பிரசங்கம் வீணாய்ப் போனது. எழுதுவதற்காக அவர் பேனாவைத் திறந்தார். மூடி உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்து தேடினார்.

அப்போதுதான் நாத்தனாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் எட்டியது அந்தத் துண்டு. உருவி முகத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேரே தெர்மாமீட்டர்.

"அண்ணி," என்றாள். "இது ஏறுது."

இருபத்தொன்பது. ஏன் அக்கா தன் உடையின் நுனியால் குமிழில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். முப்பது. ஏழு பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு என்று ஒருத்தி சொன்னாள். முப்பத்து மூன்று என்று இரண்டு பேர் சொன்னார்கள். முப்பத்தைந்துக்குள் அது பாட்டாகிவிட்டது. யாரோ மேசையில் தாளம் தட்டினார்கள். மூடியோடு எழுந்த குளுகுளுவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கீழே வேலை இருக்கிறது என்று நகரப் பார்த்தார். வழியில் விரிப்பு வண்டி நின்றது. அதை நகர்த்த ஆளில்லை, எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டைக் கடக்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கோடு நாற்பத்தொன்றில் போய் நின்றது. பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பாட்டு நின்றபோது ஏன் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஈரத்துணி காற்றில் காய்ந்தால் குளிரும் என்பதை அவளைவிட யார் அதிகம் பேசியிருப்பார்கள்? கழுத்தைக் குளிரவைத்த துண்டு கருவியையும் குளிரவைத்திருக்கிறது. ஊரெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டவள், கண்ணெதிரே தொங்கியதை ஒரு தரம் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷமா உங்களை எல்லாம் வேகவெச்சது நான்தான்டி," என்றாள்.

குளுகுளு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, தப்பு உன்னோடதுதான். நீயே ஒத்துக்கிட்ட."

ஏன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தப்பு என்னோடது, துண்டும் என்னோடது. ஒத்துக்குறேன். ஏழு பேருக்கு ஒரே ஆணி அடிச்சது யாரு? தினமும் ஈரத்துண்டைத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்களே, கை சில்லுனு இருந்திருக்குமே. ஒரு நாளாவது ஏன்னு தோணலையா, இல்ல தோணித்தான் பேசாம இருந்தீங்களா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதினார். வேர்வைத் துளி விழுந்து எண் கொஞ்சம் கலங்கியது. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதச் சொன்னாள். எழுதினார். நாத்தனார் போய்ப் பெட்டிகளின் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்தாள், ஏழாவதைக் கொஞ்சம் ரசித்து அணைத்தாள்.

அடுத்த நாள் ஏன் அக்கா ஏழு ஆணிகளும் ஒரு சுத்தியலும் கொண்டுவந்தாள். துண்டுகளுக்கெல்லாம் ஒரு சுவர். தெர்மாமீட்டருக்கு எதிர்ச்சுவர், கை எட்டாத உயரம். தினமும் காலையில் அண்ணி வந்ததும் துண்டு எந்தச் சுவரில் என்று நாத்தனார் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பாள். பதில் சொல்லாமல் உள்ளே விடமாட்டாள்.

அன்றும் பன்னிரண்டு மணிக்குப் பெட்டிகள் அணைந்தன. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஈர விரிப்பைக் கட்டிவிட்டு எல்லாரும் அதன் எதிரே தரையில் நீட்டிப் படுத்தார்கள். காற்று ஈரத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தது. நாத்தனார் கூரையைப் பார்த்தபடி, "அண்ணி, காயுறதுனால ஏன் குளிரணும்?" என்று கேட்டாள்.

தன்னிடம் ஒருவர் ஏன் என்று கேட்டதில் ஏன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாக அதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டை அது எங்கிருந்து எடுக்கும் என்று ஆரம்பித்து, விரலை நீட்டி, துண்டைக் காட்டி, கழுத்தைத் தொட்டு விளக்கிக்கொண்டே போனாள். பாதியில் பக்கத்திலிருந்து குறட்டை கேட்டது.

மணி பன்னிரண்டு பத்துதான் ஆகியிருந்தது. அவள் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.