கயிறு பிடித்ததற்கு ஒரு பங்கு

சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். மாசி மாதம். காரைக்கால்மேடு என்ற மீனவர் ஊரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, கையில் மீனும் மண்டையில் குழப்பமுமாக நான் வீடு திரும்பிய கதை இது.

எனக்கு வீடு பக்கத்திலேயே, தலத்தெரு என்ற ஊரில். வயல் அரசலாற்றுக் கரையில். சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனம், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைச் சீர்செய்ய, மீனவர்களையும் எங்களைப் போன்ற விவசாயிகளையும் சேர்த்து ஒரு கூட்டுக்குழு அமைத்திருந்தது. அலையாத்திக் கன்று நட்டோம், கரையைச் சுத்தம் செய்தோம், நிறைய டீ குடித்தோம். இப்போது அந்த நிறுவனம் கிளம்பப்போகிறது. அவர்கள் போன பிறகு குழு என்ன ஆகும் என்று முடிவு செய்யத்தான் கூட்டம்.

எனக்கு அதைவிட அவசரமான கவலை ஒன்று இருந்தது. அந்த வருடம் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. மணலை வெட்டினால்தான் காரைக்கால்மேட்டுப் படகுகள் கடலுக்குப் போக முடியும். வெட்டினால், கோடையில் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிவிடும். என் வயலிலோ உளுந்து காய் பிடிக்கிற நேரம். ஆற்றில் எஞ்சின் வைத்து ஒரு தண்ணீர் விட்டால்தான் தேறும். அது உப்புத் தண்ணீராக இருந்தால் அவ்வளவுதான், செடி கருகிவிடும். அறுப்பு முடியும்வரை வெட்டாதீர்கள் என்று கேட்கத்தான் நான் போனேன்.

சொன்ன நேரத்துக்குப் போனால் கூட்டம் நடக்கும் கொட்டகையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேட்டி அழுக்காயிடும்னு பாக்குறீங்களா? ஒரு கை புடிங்க" என்று ஒரு குரல். ரோஷம் வந்து வலைக் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் கூட்டம். நிறுவனத்துப் பெண் சார்ட் பேப்பரை விரித்து, "அஞ்சு வருஷம் கழிச்சு முகத்துவாரம் எப்படி இருக்கணும்னு வரைங்க" என்றார். மீனவர்கள் ஆற்றைக் கடலோடு அகலமாகத் திறந்து வரைந்தார்கள். நாங்கள் கோடைக்காக மணலால் அடைத்து வரைந்தோம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, "ரெண்டு பேரும் ஆறு நல்லா இருக்கணும்னுதான் சொல்றீங்க!" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

பிறகு எழுந்து என் உளுந்துக் கதையைச் சொன்னேன். தோளில் துண்டு போட்டிருந்த மேட்டுப் பஞ்சாயத்தார் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றார்.

"சரின்னா, வெட்ட மாட்டீங்களா?"

"சொல்லிட்டீங்கள்ல. ஊர்ல பேசுவோம்."

அத்தோடு பேச்சு டீசல் விலைக்குப் போய்விட்டது. நிறுவனம் போன பிறகு குழு தொடருமா என்று அந்தப் பெண் கேட்டதற்கும் அதே "சரிங்க"தான். அவரும் என்னைப்போலவே விழித்தார்.

கிளம்பும்போது, கரையில் மீனைக் கூறு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கூறு மீனை நீட்டினார். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு தீரும்வரை எதிராளி வீட்டில் மோர்கூடக் குடிக்க மாட்டோம். அதனால், "இருக்கட்டும்மா, வேணாம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நான் என்ன தானமா குடுக்குறேன்? கயிறு புடிச்சீங்கள்ல, இது ஒங்க பங்கு. வேணாம்னா இனிமே கயித்தத் தொடாதீங்க."

சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பயந்துபோய் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "உளுந்துக்குப் பதில் கேக்கப் போனீங்க. இதுதான் பதிலா?" என்றாள். குழம்பு ருசியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் ஆற்றுக்குப் போய் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றிப் பார்ப்பேன். உப்புக் கரிக்கவில்லை. நாளைக்குக் கரிக்குமோ என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வராது. எஞ்சினை வைத்துத் தண்ணீர் விட்டேன். உளுந்து தேறியது.

பங்குனியில் ஒரு நாள் அந்தத் துண்டுக்காரர் சைக்கிளில் வயலுக்கே வந்துவிட்டார். இறங்கக்கூட இல்லை. காலை ஊன்றிக்கொண்டு, "எப்ப அறுப்பு?" என்றார்.

"இன்னும் ஒரு வாரம் ஆகும்ங்க."

"சரிங்க. முடிச்சுட்டு மம்பட்டி எடுத்துக்கிட்டு வாங்க."

போனேன். வெட்டாதே என்று கேட்டவன், மேட்டு ஆட்களோடு வரிசையில் நின்று மணலை வெட்டினேன். அங்கே போன பிறகுதான் பார்த்தேன், மணல்மேட்டின் மேல் படகுகளை இழுத்த தடம், ஆற்றிலிருந்து கடல்வரைக்கும் பள்ளம் பள்ளமாக. இத்தனை நாளும் அவர்கள் எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு, படகை மணலில் இழுத்துத்தான் கடலுக்குப் போயிருக்கிறார்கள். என் உளுந்துக்காக! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மம்பட்டியை ஊன்றிக்கொண்டு அந்தத் தடத்தையே பார்த்தேன். கோபமும் வந்தது, சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே!

ஆறு கடலுக்குள் பாய்ந்ததும், கொண்டுபோயிருந்த உளுந்து மூட்டையை மணலில் பிரித்தேன். மீன் கூறு போட்ட அதே அம்மா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"தானமா, பங்கா?"

"பங்குதாம்மா" என்றேன்.

முந்தானையை விரித்துப் பிடித்தார்.

நிறுவனம் போய்விட்டது. சார்ட் பேப்பர்கள் எங்கே போயின என்று தெரியாது. கூட்டுக்குழு இருக்கிறதா, கலைந்துவிட்டதா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் முகத்துவாரம் மூடிக்கொள்ளும் வருடங்களில், வெட்டுவதற்கு முன்னால் "எப்ப அறுப்பு?" என்று கேட்டு மேட்டிலிருந்து ஒரு சைக்கிள் வந்துவிடுகிறது. அந்த மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்த மீனை வாங்காமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.