கழுகன்பாறை வளைவுக்கு எத்தனை குதிரை?

சத்தியநேசனுக்கு ஏற்றம் என்றாலே குலை நடுக்கம். திருவட்டாறு முதல் குழித்துறை வரை அது ஊரறிந்த சங்கதி. மோட்டார் மேஸ்திரி அவன். எத்தனையோ வண்டிகளின் வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்த்தவன். ஆனால் தான் இருக்கும் வண்டி ஒரு மேட்டில் ஏறத் தொடங்கினால் போதும், பலகையைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவான். வண்டி உச்சியை அடையும்வரை சாலையின் ஓரமாக, தள்ளியே நடந்து வருவான்.

"மேஸ்திரியே, வண்டியத் தள்ளுவதுக்கு இறங்கினீரா, தலையில தூக்கிட்டு வருவதுக்கு இறங்கினீரா?" என்று உள்ளே இருப்பவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சட்டைக்குள் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

காரணம் அவன் அண்ணன் ஆபேல். மலைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் கழுகன்பாறை வளைவு என்று ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். அந்த வளைவில் ஆபேல் ஓட்டிய லாரி மேலே போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பின்னுக்கு உருண்டு, ஆபேலையும் கொண்டு பாதாளத்தில் விழுந்தது. பின்பலகையில் இருந்த சத்தியநேசன் புதரில் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தான். உருளும் முன் இன்ஜின் ஒரு முறை முனகியதே, சாகப்போகிற மாடு முனகுவதுபோல, அந்தச் சத்தம் அவன் காதைவிட்டுப் போகவே இல்லை.

அதன்பிறகு, மலையேறும் எந்த வண்டியையும் அவன் கயிற்றுச் சோதனை செய்யாமல் விடமாட்டான். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரைக் கழற்றி, வெறும் இரும்பு வட்டத்தின்மேல் கயிற்றைப் போடுவான். கயிற்றின் ஒரு நுனியில் எடைக்கற்கள் தொங்கும். மறு நுனி சுருள்வில் தராசு ஒன்றில் மாட்டித் தரையோடு கட்டப்பட்டிருக்கும். இன்ஜினை முழு மூச்சாக முடுக்கினால் சக்கரம் கயிற்றை இழுக்கும், கற்கள் தரையைவிட்டு எழும்பும். எவ்வளவு எடை எழும்பியது, சக்கரம் என்ன வேகத்தில் சுற்றியது என்று பார்த்துக் கணக்குப் போட்டால், வண்டிக்கு எத்தனை குதிரை பலம் என்று வந்துவிடும். கயிறு கருகாமல் இருக்க அவன் மனைவி சத்தியபாய் பக்கத்தில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாள். கற்கள் அவள் அப்பாவின் கொப்பரைக் களத்திலிருந்து வந்தவை.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு ஐப்பசியில் நாராயணபெருமாள் முதலாளியின் பழைய பஸ் திருவட்டாற்றில் இருந்த அவன் பட்டறைக்கு வந்தது. மலைத் தோட்டத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. எல்லோரும் கூடி உண்ணும் அசனச் சாப்பாட்டுக்கு அரிசி, அண்டா, சமைக்கும் பெண்கள், பாட்டுக்காரர்கள் எல்லோரையும் அந்த பஸ்தான் மேலே கொண்டுபோக வேண்டும். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி சத்தியபாய்.

கயிறு போட்டுப் பார்த்தான். இருபத்திரண்டு குதிரை.

"முதலாளி, முழுப் பாரத்தோட கழுகன்பாறை ஏறணும்னா இருபத்தாறு வேணும். இது ஏறாது."

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "உமக்கு எல்லா வண்டியும் சவப்பெட்டியாத்தான் தெரியும் வேய்" என்று பஸ்ஸை நேரே குழித்துறைக்கு ஓட்டச் சொன்னார். அங்கே ராஜையன் பட்டறையிலும் அதே கயிற்றுச் சோதனை உண்டு. ராஜையனும் சத்தியநேசனும் ஒரே இடத்தில் ஸ்பேனர் பிடித்துத் தொழில் படித்தவர்கள். ராஜையன் சோதித்தான். இருபத்தெட்டு குதிரை!

ஒரே பஸ். ஒரே இன்ஜின். ஒரு பட்டறையில் இருபத்திரண்டு, இன்னொரு பட்டறையில் இருபத்தெட்டு. ஊர் எதை நம்பும்? பெரிய எண்ணைத்தான் நம்பியது. பண்டிகைக்கு முந்தின நாள் மதியத்துக்குமேல் பஸ் புறப்படும் என்று ஊர்க் கோயிலில் அறிவித்தும்விட்டார்கள்.

"நீ போவாண்டாம்" என்றான் சத்தியநேசன் மனைவியிடம்.

"மேஸ்திரிக்க பெண்டாட்டியே ஏறல்லன்னா மத்த பெண்ணுங்க ஏறுவினுமா? அசனமே முடங்கிப்போவும்." அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இஞ்ச கேளுங்க. கோவப்படப் பிடாது. அந்த இருபத்திரண்டு, கயிறு சொன்ன கணக்கா? ஒங்க பயம் சொன்ன கணக்கா?"

ஐயோ! வேறு யார் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பான். வாளியோடு பக்கத்தில் நின்றவள் அல்லவா கேட்டாள்! ஒருவேளை அப்படித்தானோ? கற்கள் எழும்பும்போது தன் கண்ணே தன்னை ஏமாற்றுகிறதோ? தன் பயத்தால் ஒரு பண்டிகையைக் கெடுப்பதா? இல்லை, ராஜையனின் எண்ணை நம்பி, பெற்றவள்போல் தன்னைப் பார்த்துக்கொள்ளும் இவளைப் பாதாளத்துக்கு அனுப்புவதா?

பஸ் புறப்படும் நாள் காலையில் தன் எடைக்கல் ஒன்றை சைக்கிள் கேரியரில் கட்டினான்.

"ராஜையனுக்க சோதனைய நேருல பாத்துட்டு வாறேன். நான் வராம பஸ்ஸுல ஏறாதட்டி."

"செரி" என்றாள் அவள்.

ராஜையன் பட்டறை வாசலிலேயே வரவேற்றான். "ஏலே மக்கா, கல்லும் சுமந்துட்டு வந்திருக்கியே! எனக்க தலையில போடவா?"

"இருபத்தெட்டு எப்பிடி வந்துதுன்னு காட்டு. பெறவு போடுதேன்."

இருவரும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். சக்கர வட்டத்தின் அளவு ஒன்றே. கயிறும் சுருள்வில் தராசும் ஒரே ரகம். கணக்குப் போடும் முறையும் ஒரே குருவிடம் படித்தது. மிச்சம் கல் மட்டும்தான். பக்கத்துக் கடைத் தராசில் ஒரு தட்டில் சத்தியநேசனின் கல்லையும், மறு தட்டில் அதே எடை என்று பேர் பெற்ற ராஜையனின் கல்லையும் வைத்தார்கள். சத்தியநேசனின் தட்டு 'டொக்' என்று தரையில் இடித்தது.

"பாத்தியாலே! உனக்க கல்லு கள்ளக் கல்லு!" சத்தியநேசன் கத்தியேவிட்டான். எத்தனை வருஷத்துக் கேலிக்குப் பதில் கிடைத்துவிட்டது!

ராஜையன் அசையவில்லை. "உனக்க கல்லு எங்க உள்ளது?"

"மாமனாருக்க கொப்பரைக் களம்."

"அப்ப அது வாங்குத கல்லு மக்கா! எனக்கது மச்சினனுக்க பலசரக்குக் கடைக் கல்லு. அது விக்குத கல்லு."

அந்தப் பக்கத்து வியாபாரத்தில் யாருக்குத்தான் தெரியாது? கொப்பரை வாங்குகிறவன் ஈரக் கழிவு என்று சொல்லி, பேரைவிடக் கனமான கல்லால் நிறுத்து வாங்குவான். அரிசி பருப்பு விற்கிறவன் பேரைவிட லேசான கல்லால் நிறுத்துக் கொடுப்பான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. இன்ஜினுக்குக் கட்டிய கல்லும் சந்தைக் கல்தானே என்று இந்த இருவருக்கும் இத்தனை நாள் தோன்றவே இல்லை! கனத்த கல்லைத் தூக்கிய இன்ஜினுக்கு சத்தியநேசன் குறைவாகக் கணக்கு எழுதியிருந்தான். லேசான கல்லைத் தூக்கிய இன்ஜினுக்கு ராஜையன் கூடுதலாக எழுதியிருந்தான். இரண்டும் பொய்!

அப்படியானால் உண்மை எது?

உப்புப் பண்டகசாலையில் சர்க்கார் முத்திரை குத்திய கல் இருந்தது. காவலாளியின் கையைக் காலைப் பிடித்து இரண்டு கல்லையும் அதனோடு நிறுத்தார்கள். சுவரில் கரித்துண்டால் ராஜையன் ஒரு பக்கமும் சத்தியநேசன் ஒரு பக்கமும் கணக்குப் போட்டார்கள். முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தது. இருபத்துநாலு.

இருபத்தாறு இல்லை. பாதி ஆளோடு ஏறும். முழுப் பாரத்தோடு ஏறாது.

ராஜையனின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கோ போயிற்று. "சைக்கிள் இஞ்ச கெடக்கட்டு. எனக்க மோட்டார் சைக்கிள்ல ஏறுலே."

வடக்கே மலை தெரியவில்லை. மேகம் கவிழ்ந்துகிடந்தது. திருவட்டாறு வந்து சேர்ந்தபோது கோயில் முன்னால் பஸ்ஸும் இல்லை, பெண்களும் இல்லை. பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் மட்டும் ஓடி வந்தாள்.

"மழைக்கு முன்ன மலையேறணும்னு முதலாளி ஒத்தக் கால்ல நின்னாரு. அப்பளே போயாச்சு. சத்தியபாய் ஒங்ககிட்ட சொல்லச் சொன்னா, 'பயப்படாண்டாம், நான் பின்பலகையிலதான் இருப்பேன்'னு."

பின்பலகை! அன்று தான் இருந்து பிழைத்த இடம்! சிரித்துச் சிரித்துப் பேசினவளுக்கும் உள்ளுக்குள் பயம்தானா? சத்தியநேசனுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு நீர் வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி வழுக்கிப் போயிற்று. ராஜையனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் ஜெபிக்க முயன்றான். ஒவ்வொரு திருப்பத்திலும் கவிழ்ந்த பஸ் ஒன்று கண்ணில் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஓடை ஓரத்தில் சிதறிக் கிடக்கும் அரிசி, உருண்ட அண்டா, ஒரு கை... ஆபேலின் கையா? சத்தியபாயின் கையா?

கழுகன்பாறைக்குக் கீழே, ஓடைப் பாலத்தருகே பஸ் நின்றுகொண்டிருந்தது. ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. டிரைவர் ரத்தினம் தகரப் பாட்டையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சத்தியநேசன் போய் பஸ்ஸின் முன்னால் நின்றான். "முதலாளி, பாதிப்பேர் இறங்கணும். இல்லன்னா நான் இஞ்சருந்து நகரமாட்டேன்."

"இருபத்தெட்டு குதிரைவே! வழிய விடும்."

ராஜையன் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தான். "முதலாளி, அதுல நாலு குதிரை எனக்க மச்சினனுக்க பலசரக்குக் கடைக் குதிரையாக்கும். மலை ஏறாது."

பாட்டு நின்றது. முதலில் இறங்கியது சத்தியபாய். புருஷன் முகத்தைப் பார்த்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடக்கத் தொடங்கினாள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்களும் பாட்டுக்காரர்களும் இறங்கினார்கள். நடக்கமுடியாத வயதானவர்களும் அரிசி மூட்டைகளும் மட்டும் பஸ்ஸில்.

"ஓரமா நடக்காதிங்க! வண்டிக்கு முன்னால போயிருங்க, முன்னால!" என்று சத்தியநேசன் கத்தினான்.

முதலாளிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கணக்கு அத்தற செரின்னா நீரும் ஏறி இரும்வே. ஒரு தடவையாவது இந்த ஏற்றத்துல வண்டியில இரும், பாப்போம்."

அவன் ஓரடி பின்வாங்கினான். ஆனால் உள்ளே இருந்த கிழவிகள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். சக்கரத்துக்கு அடை கொடுக்கும் மரக்கட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பின்பலகையில் ஏறி உட்கார்ந்தான்.

பஸ் ஏறியது. மழைத் தண்ணீர் சாலையில் எதிரே ஓடி வந்தது. சக்கரம் சேற்றைத் துப்பியது. பாறை நெருங்க நெருங்க இன்ஜினின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. வளைவில் திரும்பும்போது, கர்த்தரே, அந்த முனகல்! அதே முனகல்! பஸ் நிற்கப்போவதுபோல் தயங்கியது. கிழவிகள் அலறினார்கள்.

சத்தியநேசன் குதித்தான். ஓரத்துக்கு ஓடவில்லை. உருண்டால் தன்னைத்தான் முதலில் நசுக்கும் என்று தெரிந்த அதே பின்சக்கரத்தின் அடியில் குனிந்து கட்டையைக் கொடுத்தான். சக்கரம் பின்னுக்கு விரலளவு நகர்ந்து, கட்டையில் மோதி நின்றது.

"ரத்தினம், பைய முடுக்கு! பைய! இருபத்துநாலும் இருக்கு, பயப்படாத!"

இன்ஜின் மறுபடி மூச்சை இழுத்தது. சக்கரம் கட்டையைவிட்டு முன்னால் நகர்ந்தது. அவன் கட்டையை எடுத்தான், ஓரடி நடந்தான், மறுபடி சக்கரத்துக்குப் பின்னால் வைத்தான். நகர்ந்தது. எடுத்தான். வைத்தான். அண்ணன் போன இடம் அவன் காலடியில் மெல்லக் கடந்து போயிற்று. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. உச்சியில் நனைந்த பெண்களின் நடுவே சத்தியபாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

அசனம் நடந்தது. முத்திரைக் கல் ஒன்றை இருவரும் எப்படியோ வாங்கினார்கள்; அது திருவட்டாற்றுக்கும் குழித்துறைக்குமாகப் போய் வந்தது. இரண்டு பட்டறைகளிலும் அதன்பிறகு ஒரே எண்தான்.

சத்தியநேசனின் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஏற்றம் வந்தால் இன்றைக்கும் இறங்குகிறான். ஓரமாக நடப்பதில்லை, கட்டையும் கையுமாக, சக்கரத்துக்கு நேர் பின்னால் நடக்கிறான். சிரிப்பவன் ராஜையன் ஒருத்தன்தான்.

"கட்டை வாங்குத கட்டையா, விக்குத கட்டையாலே?"

"நீ பஸ்ஸுக்குப் பின்னால வந்து நில்லு," என்பான் சத்தியநேசன். "பெறவு சொல்லுதேன்."