கருவாட்டு அறையில் தொடங்கிய பாடம்

என் இரண்டு பெண்களையும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்குக் காரணம் வாத்தியாரின் மூக்குப்பொடி. ஊரில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். மூத்தவளுக்குப் பத்து வயதாகிவிட்டது, இனித் தெருவில் நடக்கவிடக் கூடாது என்று என் கணவரின் அண்ணன் சொன்னாராம், நானும் கட்டுப்பட்டேனாம். மறுத்துப் பேச எனக்கு அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். நடந்தது இதுதான். ஒருநாள் சின்னவள் மறந்துவிட்டுப் போன கற்பலகையைக் கொடுக்கப் போனேன். வாத்தியார் பொடியை உறிஞ்சினார், தும்மினார், மூக்கைத் துடைத்தார். அதே விரலில் எச்சிலைத் தொட்டு என் மகளின் பக்கத்திலிருந்த பிள்ளையின் பலகையை அழித்து, திரும்பக் கொடுத்தார். அந்தப் பிள்ளை பலகையை வாங்கிப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. இதற்கெல்லாம் பழகிப்போன முகம் அது. அப்போதே இரண்டு பேரையும் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு நடந்தது இது. நான் பிறந்த ராசிங்காபுரத்து வீட்டில் எனக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வரும் விஜயதசமியன்று வீட்டிலேயே புது வருஷப் பாடத்தைத் தொடங்குவது என்று தீர்மானித்தேன். பாடத்துக்கு ஓர் அறை வேண்டும். போடியில் எங்கள் வீடு சந்தைக்குப் போகும் வழியில் இருந்தது. முன்பக்கம் நாள் முழுக்க வண்டிச் சத்தம். உள்ளே ஏலக்காய் பொறுக்கும் பெண்களின் பேச்சுச் சத்தம். கொல்லையில் தனியாக இருந்த ஓர் அறைதான் அமைதியானது. அதில் கருவாடு கிடந்தது.

கருவாடு என் கணவரின் அண்ணனுடையது. மனைவி இறந்துபோனவர்; எங்களோடுதான் சாப்பாடு. குரங்கணிக்கு மேலே இருந்த ஏலத்தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் ஏற்றி அனுப்புவது அவர் தொழில். எங்கள் தோட்டமும் அதில் ஒன்று. என் கணவர் மாதத்தில் பாதி நாள் அந்தத் தோட்டத்தில்தான் இருப்பார். அண்ணனோடு நான் நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று மூத்தவளிடம் சொல்வேன், அவள் பெரியப்பாவிடம் சொல்வாள். அறை வேண்டும் என்றும் அப்படித்தான் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைகளுக்குத் தனி ரூமா? சரிதான்" என்று சிரித்தார். "ஒங்க ஆத்தாட்ட சொல்லு, மூட்டைய ஓரமா ஒதுக்கிட்டு நீங்க ஒக்காந்துக்கலாம். கருவாடு என்ன, கடிக்கவா போகுது?"

பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். சந்தையிலிருந்து வரும்போதெல்லாம் மடியில் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவார். அவர்களும் சிரித்தார்கள்.

அறையைத் திறந்ததும் வாந்தி வந்தது. வாய் நிறைய எச்சில் ஊறியது, ஓடிப்போய் வேலியோரம் துப்பினேன். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி போனேன். மண்தரை பல வருஷத்து உப்புநீரைக் குடித்துக் கறுத்துப்போய், காலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. சுவரில் இடுப்புயரத்துக்கு வெற்றிலை எச்சில். மூலையில் ஒரு பெருச்சாளி செத்துக் காய்ந்திருந்தது. அதன் வயிற்றில் மட்டும் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. மூட்டைகள் எட்டோ ஒன்பதோ இருந்தன. மழையில் நனைந்து, உள்ளே புழுத்து, சாக்கின் இழை வழியாக வெள்ளைப் புழுக்கள் நெளிந்து விழுந்தன. வீணாய்ப் போனதை வெளியே கொட்டச் சோம்பல்பட்டுப் போட்டுவைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

தனியாகச் செய்ய முடியாத வேலை. காய்ச்சல் வந்து மலையிலிருந்து இறங்கி, கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். மண்வெட்டியைக் கொடுத்துத் தரையைச் சுரண்டச் சொன்னேன். முப்பது வயதுகூட இருக்காது. கணுக்காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. அவள் மூக்கைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

"ஒனக்கு நாறலையா?" என்று கேட்டேன்.

"இது எங்க மூட்டைதானே ஆத்தா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு மூட்டையின் வாயைக் காட்டினாள். சிவப்புக் கயிற்றில் முடிந்திருந்தது. "இந்தக் கயித்தப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருக்கா வரும். ஏழு தண்ணி கழுவுவோம். அப்பயும் ஒலையில புழு மெதக்கும். அகப்பையால அள்ளிப் போட்டுட்டு, புளிய நெறையக் கரைச்சு ஊத்தித் திம்போம்."

"திங்காம இருந்தா என்ன?"

"வேற என்னத்தத் திங்க? மேல கடையா இருக்கு?"

வெறும் தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி சுரண்டத் தொடங்கினாள். மத்தியானம் அவளுக்குக் கஞ்சி ஊற்றினேன். கொல்லையில் உட்காரவைத்து, சிரட்டையில், கைபடாமல் உயரத்திலிருந்து ஊற்றினேன். அன்றைக்கு அதுதான் வழக்கம். மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இப்போது நினைத்தால் புழுவைவிட அதுதான் எனக்குக் குமட்டுகிறது.

மூட்டைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு அறையைச் சுத்தம் செய்தோம். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். மூட்டைகளை முற்றத்தில் அவிழ்த்துக் கொட்டினார்கள். சல்லடையில் போட்டு உலுக்கினார்கள். புழுக்கள் கீழே உதிர்ந்தன, கோழிகள் ஓடிவந்து கொத்தின. மிச்சத்தின்மேல் உப்பையும் மஞ்சள்தூளையும் தூவி, கையால் பிசறி, புதுச் சாக்கில் அள்ளி, அதே சிவப்புக் கயிற்றால் கட்டினார்கள். "வெரசா ஆகட்டும்ப்பா, நாளைக்குப் பொதிமாடு கெளம்பணும்" என்று அவர் நின்று விரட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி சீயக்காய் போட்டுக் கழுவினார். அந்த இரண்டாவது கழுவலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று பகல் என் கணவர் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"மழைக்காலத்துல அப்படித்தான் வரும். அண்ணன் சோலி அது. நமக்கெதுக்கு?"

"நம்ம தோட்டத்துல திங்கிறவுகளுக்கும் இதானே?"

அவர் கால் கழுவப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதர் அவர். அந்த முதுகைப் பார்த்தபோது அறையைத் திறந்த அன்று வந்ததைப் போலவே எச்சில் ஊறியது.

நான் முற்றத்துக்குப் போய் ஒரு மூட்டையின் கயிற்றை அறுத்து, இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் சொன்னபடியே ஏழு தண்ணீர் கழுவினேன். மஞ்சள் போய்விட்டது, நாற்றம் போகவில்லை. கொதித்ததும் புழுக்கள் மேலே வந்தன. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். புளியைக் கரைத்து ஊற்றினேன். வீடு முழுக்க நாறியது. அப்போதுதான் சுண்ணாம்பு அடித்து, வேப்பிலைப் புகை போட்டு, சாணம் மெழுகி வைத்திருந்த கொல்லை அறைவரைக்கும் போய்விட்டது. சின்னவள் வாந்தி எடுத்தாள். மூத்தவள் அவளை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் செய்தேன்.

அண்ணனும் தம்பியும் இலைமுன் உட்கார்ந்தார்கள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அண்ணன் ஒரு கவளம் பிசைந்து முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "என்னடா இது? எலி செத்த நாத்தம் அடிக்குது. ஒம் பொஞ்சாதிட்ட கேளு."

கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. கதவைத் தாண்டி வந்து, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "மலைக்கு ஏத்துற மூட்டையில எடுத்தது. நீங்க மஞ்சப் போட்டுப் பெசறினதுதான். ஏழு தண்ணி கழுவிட்டேன். சாப்பிடுங்க."

கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகம். நான் பேசியதில் ஆச்சரியம், நான் சொன்ன விஷயத்தில் அதைவிட ஆச்சரியம். சின்னப்பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னார்: "ஏத்தா, புத்தி கெட்டுப் போச்சா? அவுக வவுறு வேற, நம்ம வவுறு வேற."

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் அதை உண்மையாகவே நம்பினார். சிரித்த முகத்தோடு, இலையைத் தள்ளிவிட்டு, எழுந்து போனார்.

என் கணவர் எழுந்திருக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் எடுத்து விழுங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் ஒருநாளும் சொல்லவில்லை. வெட்கமோ, என்மேல் இருந்த ஆத்திரமோ. இரண்டாவது வாய்க்குக் கை போனபோது ஓங்கரித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். வெகுநேரம் வாந்தி எடுத்தார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். முதுகைத் தடவிவிடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் அந்த மூட்டைகளில் எங்கள் தோட்டத்துக்கு என்று ஒதுக்கியிருந்த மூன்றை மட்டும் தூக்கிக்கொண்டுபோய்க் குழியில் தள்ளி, மேலே சுண்ணாம்பு கொட்டி மூடினார். மற்றதைத் தொடவில்லை. "அது அவரு சரக்கு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குக் கருவாட்டை அவரே பார்த்து வாங்கி அனுப்பினார். அண்ணன் சந்தைக்குப் பின்னால் வேறொரு அறை பிடித்து, சாப்பாட்டையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். சிவப்புக் கயிற்று மூட்டைகள் மற்றத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. எங்கள் வாசல் வழியாகவே போயின. நான் ஊரையே திருத்திவிட்டதாகப் பிற்பாடு சிலர் பேசினார்கள். மூன்று மூட்டை, அவ்வளவுதான்.

அந்த மலைக்காரப் பெண்ணைக் கீழேயே இருந்துவிடச் சொன்னேன். "புருசனும் புள்ளைகளும் மேல கெடக்காக, போறேன் ஆத்தா" என்று, நான் கொடுத்த அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவள் இருந்தது எங்கள் தோட்டத்தில் அல்ல.

விஜயதசமி தவறிப்போயிற்று. அறையை மறுபடி சுண்ணாம்பு அடித்து, கண்மாய் மண் கொண்டுவந்து தரை போட்டு, காயவைக்கப் பத்து நாளாயிற்று. அடைமழைக்கு நடுவே வெயில் அடித்த ஒரு சாதாரண நாளில் கோரைப்பாயை விரித்துப் பாடத்தைத் தொடங்கினோம். வண்டிச் சத்தம் எட்டவில்லை. பிள்ளைகள் எழுதுகிற பலப்பத்தின் கிறீச்சொலி மட்டும் கேட்டது. நான் ஆசைப்பட்ட அமைதி அதுதான். அதில் உட்கார்ந்திருக்க முதல் சில நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது.

மார்கழிக்குள் மூத்தவள் கடிதம் எழுதப் பழகிவிட்டாள். முதல் கடிதத்தைப் பெரியப்பாவுக்கு எழுதினாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வரவேண்டும், மிட்டாய் கொண்டுவர வேண்டும் என்று. ஒரே ஓர் இடத்தில் ஒற்று விட்டிருந்தாள். அதைத் திருத்தி, மடித்து, ஆள்வசம் கொடுத்தனுப்பினேன். அவர் வரவில்லை. அவள் இரண்டு நாள் அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.