முதல் நாள் மூன்று லென்ஸ், மறுநாள் ஒன்று: பெரியம்மாவோடு அல்வால் கல்லறைத் தோட்டத்துக்கு

"ஊர் சுற்ற ஒரே ஜூம் லென்ஸ் போதுமா, தனித்தனி லென்ஸ் வாங்கணுமா?" என்று கேட்டுத்தான் எனக்கு அதிகம் கடிதம் வருகிறது. நான் நீண்ட நாளாகத் தனி லென்ஸ் கட்சி. ஜூம் லென்ஸ் எல்லா வேலையையும் சுமாராகத்தான் செய்யும் என்று இங்கேயே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். கடந்த நவம்பரில் ஒரு சனியும் ஞாயிறும் நான் குடியிருக்கும் மாதாப்பூரிலிருந்து செகந்திராபாத் பக்கத்து அல்வாலுக்குப் போய்வந்த பிறகு அதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. நாங்கள் போனது சுற்றுலா இடத்துக்கு அல்ல, ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு.

செல்வராணி என் அம்மாவின் அக்கா. வயது அறுபத்தேழு, இருப்பது நாகர்கோவிலில். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்பு பெரியப்பாவுக்கு அல்வால் பக்கம் பாதுகாப்புத் துறையில் வேலை. அங்கேதான் அவர்களுக்கு முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்து ஆறாம் நாள் இறந்தது. ஞானஸ்நானம் ஆகவில்லை, பேரும் வைக்கவில்லை. பெரியம்மா ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்ததால் பெரியப்பாவும் இரண்டு நண்பர்களும்தான் அடக்கம் செய்தார்கள். மூன்று மாதத்தில் ஆவடிக்கு மாற்றல். அப்புறம் அந்தப் பேச்சையே பெரியப்பா எடுத்ததில்லை. போன வருடம் அவரும் காலமானார். அவருடைய பெட்டியில் கல்லறை எண் எழுதிய ஒரு சீட்டு கிடைத்தது.

போனில் பெரியம்மா அழவில்லை. "மக்களே, எனக்க பிள்ள கெடக்க எடத்த நான் ஒரு தடவ பாக்கணும். நீ படம் புடிச்சுத் தா" என்றார். வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார்.

சனிக்கிழமை காலை 9.30-க்கு வாடகை கார். 24 கிலோமீட்டர், 560 ரூபாய். போயின்பல்லி நெரிசலில் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. என் தோளில் இரண்டரைக் கிலோ பை. அகலக் காட்சிக்கு 24, முகத்துக்கு 50, தூரத்துக்கு 70-300. கிளம்பும்போது என் மனைவி ஷாலினி, "அவங்களப் பிடிச்சுக்க ஒரு கை வேணும். அந்த 18-135 ஜூம் ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். வாழ்க்கையில் ஒரு முறை எடுக்கப்போகும் படத்துக்குச் சுமாரான லென்ஸா என்று நினைத்து அவள் பேச்சை நான் கேட்கவில்லை.

தோட்டத்தின் காவலாளி சேவியர், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சீட்டை வாங்கிப் பார்த்து, உருது கலந்த தமிழில் ஆமாம் என்றார். "ஹவ் சார், நம்பர் இருக்கு. சின்னப் பசங்க லைன், பின்னால. முள்ளு ஜாஸ்தி. ஜல்தி நக்கோம்மா, மெல்ல வாங்க." என் பையைப் பார்த்து, "போட்டோ கைக்கு சார்?" என்றார். எதற்கு என்று கேட்கிறார். சொன்னதும் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

குழந்தைகளின் வரிசையில் கற்கள் கணுக்கால் உயரம்தான். பதினோரு கல் தள்ளி ஒன்றைக் காட்டினார். மணி பதினொன்றரை. உச்சி வெயிலில் கல் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை. 24-ல் வரிசை முழுவதையும் எடுத்தேன். எழுத்தை நெருக்கி எடுக்க 70-300 வேண்டும். "பெரியம்மா, ஒரு நிமிஷம் இங்கயே நில்லுங்க" என்று கையை விட்டேன். காற்றில் புழுதி இருந்ததால் அவருக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்து, மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு லென்ஸைக் கழற்றினேன்.

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் பெரியம்மா தரையில் கிடந்தார். பிள்ளையிடம் தனியாகப் போகப் பார்த்திருக்கிறார். முழங்கால் பக்கத்துக் கல்லில் இடித்து, உள்ளங்கை கிழிந்து ரத்தம். நான் ஒரு கையில் கேமராவும் மறு கையில் லென்ஸுமாக நின்றேன். தூக்கிவிட்டது சேவியர்தான்.

"வலிக்கல்ல மக்களே, நீ எடு, எடு" என்றார். நான் எடுக்கவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் கட்டும் ஊசியும் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். பிள்ளையை அடக்கம் பண்ணும்போது பக்கத்தில் இருக்க முடியாமல் போனவர். இத்தனை வருடம் கழித்து வந்து நின்றபோதும் நான் அவரைத் தனியாக விட்டிருக்கிறேன். அவ்வளவும் ஒரு லென்ஸ் மாற்ற.

சாயங்காலம் அவரே கேட்டார். "நாளைக்கி ஞாயித்துக்கெழமதான? திரும்பப் போலாமா?"

ஞாயிறு 6.15-க்குக் கிளம்பி 7 மணிக்கு வாசலில் இருந்தோம். நெரிசல் இல்லை, 430 ரூபாய்தான். கழுத்தில் கேமரா, அதில் 18-135. பை கிடையாது. பெரியம்மா என் இடது முழங்கைக்குள் கையைக் கோத்துக்கொண்டார். அப்படிப் பிடித்திருந்தும் என் விரல்களால் ஜூம் வளையத்தைத் திருப்ப முடிந்தது.

வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. சேவியர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லில் ஊற்றிக் கையால் துடைத்தார். எழுத்துப் பள்ளங்களில் நிழல் ஏறியது. பெரியம்மாவால் குனிய முடியாது. நின்ற இடத்திலிருந்தே 135-க்குத் திருப்பி எடுத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஆங்கில எழுத்துகள். அவர் ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

"எம்... ஏ... பி... ஈ... எல். மேபல்."

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. "ஏழாம் மாசம் நான் சொன்ன பேரு மக்களே இது. பொம்பளப் பிள்ளன்னா மேபல்னு. வெள்ளக்காரி பேரு வேண்டாம்னு ஒங்க பெரியப்பா சிரிச்சாரு."

அடுத்த வரியில் 'செல்வராணியின் மகள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெரியப்பா தன் பெயரைப் போடவில்லை.

அழுவார் என்று நினைத்தேன். முதலில் வந்தது கோபம்தான். "ஒரு வார்த்த சொல்லல்லியே இந்த மனுசன்! நாப்பத்தொரு வருசம் பேரில்லாத பிள்ளைன்னு சொல்லியில்லா ஜெபம் பண்ணினேன்!" அதைக் கத்திச் சொன்னார். அப்புறம்தான் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். சேவியர் சொம்போடு தள்ளிப் போய் நின்றார்.

அலுவலக அறையில் சேவியர் பதிவேட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். கல் வைக்க அனுமதி கேட்டுப் பெரியப்பா கையெழுத்துப் போட்டது அடக்கம் நடந்து ஏழு வாரம் கழித்து. அதற்குள் பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். ஏன் சொல்லவில்லை, ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்பதற்குப் பதில் சொல்ல இப்போது யாரும் இல்லை.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டு அறையில் ஒரே ஒரு பல்ப். ஜூம் லென்ஸில் அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்திருக்கிறது. 50 இருந்திருந்தால் மை ஊறிய இடம்கூடத் தெரிந்திருக்கும். அகலப் படத்தில் ஓரங்கள் மங்கல். ஆனால் எழுத்தைக் காட்டிக்கொடுத்தது லென்ஸே அல்ல, காலை வெயிலும் தண்ணீரும்தான். சனிக்கிழமை என் பையில் இருந்த எதுவும் அதைச் செய்திருக்காது. தனியாகப் போகிறீர்கள், நேரம் இருக்கிறது என்றால் தனி லென்ஸ்களைத் தூக்கிச் செல்லுங்கள், நானும் அப்படித்தான் போவேன். கூட வருபவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றால் ஒரே ஜூம். அதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை.

இதுபோலக் கல்லறை தேடிப் போகிறவர்களுக்கு: எண் இல்லாவிட்டால் அடக்கம் செய்த மாதமாவது தெரிந்திருக்க வேண்டும். படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் போங்கள். எழுத்து தெரியவில்லை என்று கல்லைச் சுரண்டாதீர்கள், தண்ணீர் போதும். மூடிய செருப்பு அவசியம்.

திங்கள் சாயங்காலம் ரயிலில் ஏற்றிவிடப் போனேன். எதிர் இருக்கையில் திருநெல்வேலிக்குப் போகும் ஒரு அம்மா, பையனா வழியனுப்ப வந்திருப்பது என்று கேட்டார். தங்கச்சி மகன் என்றார் பெரியம்மா. "அப்ப ஒங்களுக்கு எத்தன பிள்ளைய?"

எப்போதும் இரண்டு என்றுதான் சொல்வார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"மூணு," என்றார். "மூத்தவ மேபல். அவ இங்கனதான் இருக்கா."